வெள்ளோட்டமும் கைவேலையும்



புதிதாகச் செய்த தேரைத் திருவிழாவன்று நேரே வீதிக்குக் கொண்டுவருவது நம் நாட்டு வழக்கமன்று. விழாவுக்குச் சில நாள் முன்னரே, மூர்த்தியை எழுந்தருளச் செய்யாமல், வெறுந்தேரை வீதிகளில் இழுத்துப் பார்ப்பர். அச்சு உறுதியாக இருக்கிறதா, சக்கரம் ஒருபுறம் இழுக்கிறதா, திருப்பத்தில் முட்டுக்கட்டை பிடிக்கிறதா என்று தச்சரும் கொல்லரும் உடன் நடந்து கவனிப்பர். குறை கண்டால் அன்றே செப்பனிடுவர். இதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். ஆயிரம் பேர் வடம் பிடிக்கும் நாளில் அச்சு முறிந்தால் என்ன நேரும் என்பதை அறிந்த முன்னோர் வகுத்த முறை இது.

இன்று நம் திண்டுக்கல் நகரில் வீட்டுக்கு வீடு ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதைச் செப்பனிடும் பட்டறைக்காரர், வேலை முடிந்ததும், "ட்ரையல் பார்த்து வருகிறேன்" என்று சொல்லி ஒரு சுற்றுப் போய் வருகிறார். அவர் செய்வதும் வெள்ளோட்டமே. ஆனால் அந்த வண்டியில் நாள்தோறும் ஏறிச் செல்லும் இளைஞர்களுள் எத்தனை பேர், புறப்படுமுன் அதனை ஒரு நொடியேனும் உற்றுப் பார்க்கின்றனர்? சாவியைத் திருப்புவதும் விசையை முறுக்குவதும் மட்டுமே தம் கடமை என்று எண்ணுவோர் பலர். வண்டியை அறிந்து ஓட்டுவது எவ்வாறு, அதனைத் தம் கையாலேயே பேணுவது எவ்வாறு, அவ்வாறு பேணுவதால் ஒரு மாணவனுக்கு விளையும் நன்மை யாது என்பன பற்றியே இன்று பேச விழைகிறேன்.

மோட்டார் சைக்கிளின் வரலாறே ஒரு வெள்ளோட்டத்தில்தான் தொடங்குகிறது. ஜெர்மனி நாட்டில் நிக்கோலஸ் ஓட்டோ என்பவர் 1876-இல் நான்கு வீச்சு எந்திரத்தை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். அவரிடம் பணியாற்றிப் பின்பு தனியே தொழில் தொடங்கிய காட்லீப் டெய்ம்லரும் வில்லெம் மேபாக்கும், அவ்வெந்திரத்தைச் சிறியதாக்கி, மரத்தாலான இருசக்கரச் சட்டத்தில் பொருத்தினர். 1885-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் டெய்ம்லரின் மகன் ஒருவர் அதில் ஏறிச் சில கிலோமீட்டர் தூரம் ஓட்டிப் பார்த்தார். எரிபொருளைப் பற்றவைக்கும் சூடான குழாய் இருக்கைக்கு நேர் கீழே அமைந்திருந்தமையால், ஓட்டத்தின்போது இருக்கை தீப்பற்றியது என்று சொல்வர். வரைபடத்தில் புலப்படாத குறைகளை ஓட்டம் வெளிப்படுத்திவிடும். வெள்ளோட்டத்தின் பயன் இதுவே.

நம் தமிழகத்துக்கு வருவோம். 1950-களில் இந்தியத் தரைப்படைக்குக் கரடுமுரடான எல்லைப் பாதைகளில் செல்லத்தக்க மோட்டார் சைக்கிள்கள் தேவைப்பட்டன. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்பீல்டு நிறுவனத்தின் புல்லட் வண்டி அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ற நிறுவனம் அந்த ஆங்கில நிறுவனத்துடன் சேர்ந்து என்பீல்டு இந்தியா என்ற நிறுவனத்தைத் தோற்றுவித்தது. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தொடக்கத்தில் கடல் கடந்து வந்த உறுப்புகளைப் பூட்டி வண்டியாக்கினர். சில ஆண்டுகளில் உறுப்புகளையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டனர். பின்னர் இங்கிலாந்தில் அவ்வண்டியைச் செய்வது நின்றுபோயிற்று, திருவொற்றியூரில் நிற்கவில்லை. கற்றுக்கொண்ட கை, கற்பித்த கையையும் கடந்து நின்றதற்கு இது நல்ல சான்று.

ஆயினும், மாணவர்களாகிய நீங்கள் சிறப்பாக அறிய வேண்டிய வரலாறு வேறொன்று உண்டு. அது நம் மாவட்டத்துப் பழனியோடும் தொடர்புடையது.

கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்ற சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு பிறந்தவர் ஜி. டி. நாயுடு. பள்ளிப் படிப்பில் அவருக்கு மனம் செல்லவில்லை. தொடக்கப் பள்ளியோடு அதனை விட்டுவிட்டார். அக்காலத்தில் ஓர் ஆங்கில அதிகாரி அவ்வழியே ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் வந்து சென்றார். மாடும் குதிரையும் இல்லாமல் ஓடும் அவ்வண்டியைக் கண்ட இளைஞரின் உள்ளம் அதிலேயே சென்று பதிந்தது. கோவைக்குச் சென்று உணவு விடுதியொன்றில் பணியாளராகச் சேர்ந்தார். ஆண்டுக் கணக்கில் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து, அவ்வதிகாரியிடமே சென்று, 300 ரூபாய்க்கு அவ்வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவுடன் ஊர் சுற்றப் புறப்படவில்லை. உறுப்பு உறுப்பாகக் கழற்றினார், ஒவ்வொன்றும் எதற்காக அங்கே இருக்கிறது என்று ஆராய்ந்தார், மீண்டும் பூட்டினார். அவருக்குப் பொறியியல் கற்பித்த முதல் ஆசிரியர் அம்மோட்டார் சைக்கிளே.

பின்னர் 1920-இல் ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். பழனி முருகனைக் காணச் சென்ற அடியார் பலர் அப்பேருந்தில் ஏறியிருப்பர். ஒற்றைப் பேருந்தாகத் தொடங்கிய அத்தொழில் நாளடைவில் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937-இல் இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின் மோட்டாரின் பின்னணியிலும் அவர் இருந்தார். 1974-இல் அவர் மறைந்தார். பழனி 1985-இல் புதிதாக அமைந்த நம் திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று.

இதனைக் கேட்டு, "படிப்பை விட்டுவிட்டால் மேதையாகலாம்" என்று எவரும் பொருள் கொள்ள வேண்டா. அவர் விட்டது பள்ளியைத்தானேயன்றிப் படிப்பையன்று. கையால் தொட்டுக் கற்பதும் படிப்பே என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.

இனி, வண்டியின் உள்ளே நிகழ்வதைச் சுருக்கமாகக் காண்போம். நான்கு வீச்சு எந்திரத்தில் பிஸ்டன் நான்கு முறை மேலும் கீழுமாகச் செல்வதில் ஒரு வட்டம் நிறைவுறுகிறது. முதல் வீச்சில் காற்றும் பெட்ரோல் ஆவியும் உள்ளே இழுக்கப்படுகின்றன. இரண்டாவதில் அவை அமுக்கப்படுகின்றன. மூன்றாவதன் தொடக்கத்தில் பிளக்கிலிருந்து பொறி தெறித்து, கலவை எரிந்து, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. நான்காவதில் புகை வெளியேற்றப்படுகிறது. நான்கு வீச்சுக்கு எந்திரம் இரண்டு சுற்றுச் சுற்றுகிறது. எனவே இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். திண்டுக்கல்லிலிருந்து பழனி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரப் பயணம். எந்திரம் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றுவதாகக் கொண்டால், நொடிக்கு 25 பொறிகள். பழனி போய்ச் சேர்வதற்குள் 90,000 பொறிகள். அத்தனை முறையும் பிஸ்டன் உருளையின் சுவரை உராய்ந்தே செல்கிறது. இரும்பும் இரும்பும் நேரே தொட்டுக்கொள்ளாமல் காப்பது இடையிலுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே. எண்ணெய் அளவைப் பார்ப்பதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாதவர் அத்தனை உராய்வையும் குருட்டு நம்பிக்கையில் விட்டுச் செல்கிறார்.

வீட்டில் நீங்களே செய்யத்தக்க வேலைகள் எவை? முதலாவது, துடைத்தல். வண்டியைத் துணி கொண்டு துடைப்பவன் கை அதன் ஒவ்வொரு பகுதியையும் தொடுகிறது. தளர்ந்த மரை, விரிசல் கண்ட சட்டம், கசியும் எண்ணெய், தேய்ந்த கம்பி யாவும் அப்போதுதான் கண்ணில் படும்.

இரண்டாவது, எண்ணெய். சமதரையில் வண்டியை நேராக நிறுத்தி, வண்டியுடன் வந்த கையேட்டில் சொல்லியவாறு அளவைப் பார்க்க வேண்டும். எண்ணெய் கறுத்திருப்பது மட்டுமே குறையன்று; கரியைத் தன்னுள் வாங்கிக்கொள்வது அதன் கடமை. கையேடு குறித்த தூரம் ஓடியதும் மாற்றிவிட வேண்டும். கழித்த எண்ணெயைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்டக் கூடாது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் நிலத்தடி நீர் கெட்டதைக் கண்ட ஊர் நம்முடையது. பட்டறையில் கழிவெண்ணெய் சேர்க்கும் பீப்பாயில் அதனைச் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது, செயின். கீழ்ப்பக்கத்தின் நடுவே விரலால் மேலும் கீழும் அசைத்தால், பல வண்டிகளில் ஏறத்தாழ 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருத்தல் வேண்டும். சரியான அளவைக் கையேடு கூறும். மிகத் தளர்ந்தால் பல்சக்கரத்திலிருந்து நழுவும். மிக இறுகினால், பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இழுபட்டுச் சங்கிலியும் தாங்கிகளும் தேயும். தூசியைத் தூரிகையால் அகற்றி எண்ணெயிடுங்கள். எந்திரத்தை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றியே இதனைச் செய்ய வேண்டும். எந்திரம் ஓட, கியரும் விழுந்திருக்க, சுழலும் செயினில் துணியைப் பிடித்துத் துடைப்பவனின் விரல், துணியோடு பல்சக்கரத்துக்குள் போய்விடும். அரை நிமிடச் சோம்பலுக்கு விரலையே விலையாகக் கொடுத்தவர்கள் உண்டு.

நான்காவது, சக்கரங்கள். காற்றழுத்தத்தை வண்டி ஓடுமுன், குளிர்ந்த நிலையிலேயே அளக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது, அதனால் சூடேறுகிறது. சித்திரை வெயிலில் நம் சமவெளிச் சாலைகள் எவ்வளவு காயும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீமைக் கருவேல முள் குத்தியிருக்கிறதா என்றும் டயரைச் சுற்றிப் பார்ப்பது நம் பக்கத்தில் இன்றியமையாதது. கம்பிச் சக்கரமாயின், ஒவ்வொரு கம்பியையும் சிறு ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். இறுகிய கம்பி கணீரென ஒலிக்கும்; தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் உங்கள் பாட்டிமார் இக்கலையில் தேர்ந்தவர்களே.

ஐந்தாவது, பிளக். எந்திரம் நன்றாக ஆறியபின் கழற்றிப் பாருங்கள். முனை காய்ந்து இளம் பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பசையாக இருந்தால் உள்ளே எண்ணெய் புகுகிறது. வெளிறிப்போயிருந்தால் அளவு மீறிய சூடு. நாடி பார்க்கும் மருத்துவருக்கு நாக்கு எப்படியோ, எந்திரத்துக்குப் பிளக் அப்படி.

கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். ஸ்பேனர் சிறியதாக இருக்கும்போது அதன் கைப்பிடியும் ஏன் குட்டையாக இருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? நெம்புகோலைப் பற்றி வகுப்பில் படித்திருப்பீர்கள். கைப்பிடி நீளும்தோறும் முறுக்கும் விசை பெருகும். சிறிய மரையை நீண்ட பிடியால் முறுக்கினால் புரி அறுந்துபோகும். அதிலும் அலுமினியத்தில் வெட்டிய புரி எளிதில் கெடும். ஆகவே அதன் அளவிலேயே ஒரு கட்டுப்பாட்டை வைத்துச் செய்திருக்கின்றனர். குழாயைச் செருகிப் பிடியை நீட்டுபவன் அக்கட்டுப்பாட்டை மீறுகிறான். இன்னொன்று: கழற்றிய உறுப்புகளைப் பழைய செய்தித்தாளின் மேல், கழற்றிய வரிசையிலேயே பரப்பி வையுங்கள். பூட்டும்போது அவ்வரிசையைத் திருப்பினால் போதும். கழற்றுவது எவர்க்கும் எளிது. மிச்சமின்றிப் பூட்டுவதில்தான் அறிவு வேலை செய்கிறது.

இக்காலத்து வண்டிகளில் எல்லாம் மின்னணுக் கருவிகளாகிவிட்டனவே, நாம் தொடுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் வினவுவர். வினா நேரியதே. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப்பின், பெரும்பாலான புதிய வண்டிகளில் கார்புரேட்டர் மறைந்து, எரிபொருளைத் தெளிக்கும் மின்னணு முறை வந்துவிட்டது. 125 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வண்டிகளில் 2019 முதல் ஏ.பி.எஸ். என்னும் தடுப்பமைப்பு இடம்பெற்றுள்ளது. இவற்றையும், டிஸ்க் பிரேக்கின் உட்பகுதியையும், பயிற்சி இல்லாதவர் பிரிக்கக் கூடாது. ஆனால் டயரும் செயினும் எண்ணெயும் மரையும் தாத்தா காலத்தில் இருந்தவாறே இருக்கின்றன. எதனைத் தொடலாம், எதனைத் தேர்ந்தவரிடம் விட வேண்டும் என்று பகுத்தறிவதும் கைவேலைக் கல்வியின் ஒரு பகுதியே.

இனி வெள்ளோட்டத்துக்கு வருவோம். பழைய வண்டி வாங்கும்போதும், பெரிய பழுது நீக்கிய பின்னரும் இது கட்டாயம் வேண்டும். இதனை மூன்று படிகளாகக் கொள்ளலாம்.

முதற்படி, நின்ற நிலைச் சோதனை. விற்பவர் வீட்டுக்குச் சென்றதும், எந்திரத்தின் அருகே கையைக் கொண்டுசென்று பாருங்கள். முன்னரே சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்பாத வண்டியோ என்று ஐயுறலாம். எந்திர எண்ணும் சட்ட எண்ணும் பதிவுச் சான்றோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். நடுத் தாங்கியில் நிறுத்தி, முன்சக்கரம் தரையில் படாதவாறு செய்து, கைப்பிடியை இருபுறமும் மெல்லத் திருப்புங்கள். நடுவில் எங்கேனும் தடுக்கினால் தாங்கி தேய்ந்திருக்கிறது. பிறகு எந்திரத்தைக் கிளப்பிப் புகையைக் கவனியுங்கள். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை பெட்ரோல் மிகுதியைக் காட்டும். குளிர்ந்த காலையில் தோன்றிச் சிறிது நேரத்தில் மறையும் வெண்புகை வெறும் நீராவியே.

இரண்டாம் படி, மெல்லோட்டம். ஆளில்லாத திடலில், நடக்கும் வேகத்தில், முன் தடுப்பையும் பின் தடுப்பையும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள். கியர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடையின்றி விழுகின்றனவா, கிளட்ச் வழுக்குகிறதா என்று காணுங்கள். இப்படியில் குறை தெரிந்தால் சாலைக்குப் போகவே கூடாது.

மூன்றாம் படி, சாலையோட்டம். தலைக்கவசம் அணிந்து, நெரிசலற்ற நேரான சாலையில், அளவான வேகத்தில் சென்று, வண்டி ஒருபுறம் இழுக்கிறதா, அதிர்கிறதா, புதிய ஓசை எழுகிறதா என்று கேளுங்கள். கேட்பது என்றுதான் சொல்கிறேன். காதில் பாட்டுக் கருவியைச் செருகிக்கொண்டு வெள்ளோட்டம் பார்ப்பவன் பாதிச் சோதனையை இழந்துவிடுகிறான். திரும்பி வந்தபின் எந்திரத்தின் அடியில் எண்ணெய் கசிகிறதா, மரைகள் தளர்ந்தனவா என்று மறுபடியும் பார்க்க வேண்டும். கண்டவற்றை நாளும் தூரமும் குறித்து ஒரு நோட்டில் எழுதி வைப்பது நன்று. ஆய்வுக்கூடத்தில் செய்முறை ஏடு எழுதுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

அளவான வேகம் என்றேன். ஏன் என்பதைக் கணக்கே கூறட்டும். இடரைக் கண்டதிலிருந்து கை தடுப்பைப் பிடிக்கும்வரை ஒரு நொடி கழிகிறது என்று கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு நொடியில் வண்டி 11 மீட்டர் சென்றுவிடும். நல்ல தடுப்பும் உலர்ந்த சாலையும் இருந்தால், பிறகு நிற்பதற்கு ஏறத்தாழ 10 மீட்டர் தேவை. ஆக 21 மீட்டர். வேகம் 60 ஆனால், முதல் நொடியில் 17 மீட்டர், பிறகு 23 மீட்டர், ஆக 40 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு. நிற்கும் தூரமோ ஏறக்குறைய இரு மடங்கு. தடுப்புக்கு வேண்டிய தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகுவதே காரணம். மழையில் சாலை நனைந்திருந்தால் இன்னும் நீளும். மாட்டுவண்டியும் ஆட்டுக் கிடையும் குறுக்கிடும் நம் கிராமச் சாலையில் அந்த 19 மீட்டர் வேறுபாடு ஓர் உயிராகவும் இருக்கக்கூடும்.

திண்டுக்கல் சமவெளியில் வாழும் நமக்கு மலைப்பாதைகள் மிக அருகில் உள்ளன. கிழக்கே 18 கொண்டையூசி வளைவுகளைக் கொண்ட சிறுமலைச் சாலை. மேற்கே வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் செல்லும் சாலை. இளைஞர்கள் வண்டியின் வலிமையைச் சோதிக்க விரும்பி அங்கே விரைகின்றனர். ஏறுவதைவிட இறங்குவதே கடினம் என்பதை அவர்கள் அறிதல் வேண்டும். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 220 கிலோகிராம் என்றும், இறங்கும் உயரம் 1,000 மீட்டர் என்றும் கொண்டால், அவ்விறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல், 30 பாகையில் உள்ள 7 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. முழுவதையும் தடுப்புகளிடமே விட்டால் அவை சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்கினால், எந்திரமே வண்டியை இழுத்துப் பிடிக்கும். கியரை விடுவித்து, எந்திரத்தை நிறுத்தி, பெட்ரோல் மிச்சம் என்று இறங்குபவர் மிச்சப்படுத்துவது சில துளிகளையே. பணயம் வைப்பது உயிரை.

கொடைக்கானல் ஏறும்போது கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகள் தளர்வதையும் காணலாம். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோல் அதே அளவு வர, காற்றுக் குறைவதால் கலவை கெட்டியாகிறது. வண்டி பழுதாகிவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. பாடநூலில் படித்த வளிமண்டல அழுத்தத்தை நம் மாவட்டத்திலேயே, இரண்டு மூன்று மணி நேரப் பயணத்தில், கையால் உணரலாம்.

இங்கே சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, பொதுச் சாலையில் மோட்டார் வண்டி ஓட்ட 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 50 கன சென்டிமீட்டருக்கு மிகாத வண்டிக்கு மட்டும் 16. உரிமமும் வேண்டும். 2019-இல் வந்த திருத்தத்தின்படி, உரிய வயதடையாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றமிழைத்தால், வண்டிக்கு உரியவருக்கோ பெற்றோருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். அப்பிள்ளைக்கு 25 வயதுவரை உரிமமும் கிட்டாது. ஆகவே பள்ளி மாணவர்கள் துடைக்கலாம், கழற்றலாம், பூட்டலாம், கேட்டுக் கற்கலாம். சாலையோட்டத்தைப் பெரியவரிடம் விட்டுவிட வேண்டும். கைவேலை என்ற பெயரில் ஓசையடக்கியைக் கழற்றுவதும், வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதும் சட்டத்துக்குப் புறம்பானவை. தெருவில் உறங்கும் குழந்தையை எழுப்பும் முழக்கத்தில் திறமை ஏதுமில்லை.

வேகத்தில் நாட்டமே தவறு என்று நான் கூறவில்லை. அதற்கு இடம் வேறு. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடத்தியது. பின்பு 1990-இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனித்த ஓடுதளமே அமைக்கப்பெற்றது. பந்தய வீரர் தம் வண்டியைப் பந்தயத்துக்கு முன் மணிக்கணக்கில் சோதிப்பர். ஓடுதளத்தில் எதிரே வண்டி வாராது. குறுக்கே குழந்தை ஓடாது. மருத்துவர் அருகில் இருப்பார். இவற்றுள் ஒன்றும் இல்லாத புறவழிச்சாலையில் பந்தயம் விடுபவன் அவ்வீரர்களிடமிருந்து கற்றுக்கொண்டது எதுவுமில்லை.

நிறைவாக, ஓர் ஆசிரியன் என்ற முறையில் சில சொற்கள். நம் நாட்டில் நெடுங்காலமாக ஒரு நோய் உண்டு. எழுதுகோல் பிடிக்கும் கை உயர்ந்தது, ஸ்பேனர் பிடிக்கும் கை தாழ்ந்தது என்ற எண்ணமே அது. காந்தியடிகள் 1937-இல் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தபோது, கைத்தொழிலின் வாயிலாகவே ஏனைய பாடங்களையும் கற்பிக்க வேண்டும் என்றார். அவ்வழியைப் பின்பற்றி நம் ஊருக்கு அருகே, சின்னாளபட்டியை அடுத்து, டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தனர். அதற்கும் நெடுநாள் முன்பே, அரத்தையும் சம்மட்டியையும் கொண்டு, சாவி மாறினால் திறவாத பூட்டுகளைச் செய்து, இவ்வூரின் பெயரை நாடெங்கும் பரப்பியவர்கள் திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளர்கள். 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் அத்தொழிலாளர்களின் பிள்ளைகள் பலர் அரத்தைத் தொட விரும்பவில்லை. கூலி போதாமை ஒரு காரணம். மதிப்பின்மை மற்றொரு காரணம். கூலியை மாணவர்கள் உயர்த்திவிட இயலாது. மதிப்பை உயர்த்த இயலும்.

பட்டறையில் கரிபடிந்த கையோடு நிற்பவர், ஓசையைக் கேட்டே உட்குறையைச் சொல்லிவிடுகிறார். அது பல்லாண்டு உழைப்பில் விளைந்த அறிவு. நீங்கள் ஒருமுறையேனும் உங்கள் வண்டியின் செயினைத் துடைத்து, ஆட்டத்தை அளந்து, அச்சை நேர்ப்படுத்திப் பார்த்தால், அவ்வறிவின் அருமை விளங்கும். அதன்பின் அவரிடம் பேசும் முறையே மாறிவிடும், "அண்ணே, இது ஏன் இப்படி?" என்று கேட்கத் தோன்றும். அவரும் மகிழ்ந்து சொல்வார். பெண் பிள்ளைகளுக்கும் இது முழுமையாகப் பொருந்தும். ஆளரவமற்ற சாலையில் வண்டி நின்றுவிட்டால், பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போடத் தெரிந்த பெண் பிறர் உதவிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

வரும் ஞாயிறன்று காலையில், வெயில் ஏறுமுன், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கையேட்டை எடுங்கள்; அது பெரும்பாலும் இருக்கையின் அடியிலோ அலமாரியிலோ, எவராலும் படிக்கப்படாமல் இருக்கும். ஒரு பழந்துணியும் ஒரு நோட்டும் போதும். முதல் நாளில் எதையும் கழற்ற வேண்டா. துடையுங்கள், ஒவ்வொரு உறுப்பின் பெயரையும் கண்டுபிடியுங்கள், காற்றையும் எண்ணெயையும் செயினையும் பார்த்து நாளிட்டு எழுதுங்கள். வீட்டில் அப்பாவோ அக்காவோ மறுநாள் அவ்வண்டியில் வேலைக்குப் புறப்படும்போது, அது நல்ல நிலையில் இருக்கிறது என்று நீங்கள் அறிந்து சொல்ல இயலும்.